பேனலுக்கு வைத்த பொட்டு

தீர்த்தகிரியின் கொல்லைக்காட்டில் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது என்பது, சில நாள் தீர்த்தகிரிக்கே தெரியாது. பெங்களூரில் இருக்கிற அவர் மகனுக்குத் தெரிந்துவிடும். காரிமங்கலத்திலிருந்து பஸ் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒற்றை வீடாக நிற்கும் அந்த வறண்ட மேட்டில் சோலார் மோட்டார் வந்த நாளிலிருந்து அப்படித்தான். சூரியன் புளியமரத்துக்கு மேலே ஏறியதும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். மகன் பிரபாகரின் செல்போனில் ஒரு கோடு கிளம்பும். காலையில் மெல்ல ஏறி, மத்தியானம் உச்சிக்குப் போய், சாயங்காலம் இறங்கிப் படுத்துவிடும்.

மோட்டார் மாட்டிய அன்று அந்தக் கோட்டை அவன் அப்பாவிடம் காட்டினான். "தீர்த்தமலை கணக்கா இருக்குது பாருங்கப்பா. இனிமே நீங்க ஒன்னுமே பண்ண வேணாம். நான் அங்கிருந்தே பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன் என்று சொன்னானே, அந்தச் சொல்லை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தாயைப் பார்த்துக்கொள்வதும் பார்த்துக்கொள்வதுதான், கடையைப் பார்த்துக்கொள்வதும் பார்த்துக்கொள்வதுதான். எதைப் பார்த்துக்கொள்வான் என்று அவர் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

பெங்களூர் ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அதுதான் வம்பே. தூரத்தில் இருப்பவன் லீவு போட்டுக்கொண்டு வருவான். பக்கத்தில் இருப்பவன் "எப்ப வேணும்னாலும் வரலாமே" என்று இருந்துவிடுவான். அந்த "எப்ப வேணும்னாலும்" என்கிற நாள் காலண்டரில் வருவதே இல்லை. பிரபாகர் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம். நல்ல பிள்ளை. குடி இல்லை, கூத்து இல்லை. வேலை, வேலை விட்டால் வீடு, குழந்தையின் பள்ளிக்கூடம். அப்பாவின் முறை மட்டும் எப்போதும் நாளைக்குத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

முன்னே இந்த மேடு இப்படிக் கிடந்ததில்லை. த்ரீ பேஸ் கரண்ட் நேரம் கெட்ட நேரத்தில் வரும், போகும். அதனாலேயே ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டாக வேண்டும். பக்கத்துக் கொல்லை மாதேஸ்வரன் வரப்பில் நின்று, "கரண்ட் வந்துருச்சாங்கோவ்?" என்பார். "வந்துருச்சு, போடுங்க!" என்று இவர் குரல் கொடுப்பார். பியூஸ் போனால் நாலு கொல்லைக்காரர்களும் கம்பத்தடியில் கூடிவிடுவார்கள். கரண்டைத் திட்டி முடித்து, அரசாங்கத்தைத் திட்டி, மழையைத் திட்டி, கடைசியில் இவர் மனைவி ராஜாமணி போட்டுத் தந்த டீயைக் குடித்துவிட்டுக் கலைவார்கள். அதெல்லாம் தொல்லை என்றுதான் அப்போது நினைத்தார்.

மாதேஸ்வரன் நிலத்தை விற்றுவிட்டு மகளோடு ஓசூருக்குப் போனார். வாங்கியவர் கம்பி வேலி போட்டு மாங்கன்று நட்டுவிட்டுப் போனார். மாங்கன்று பேசுமா? ராஜாமணியும் போய்ச் சேர்ந்தாள். அவள் போன பிறகுதான் சோலார் வந்தது. அது யாரையும் கேட்காமல் ஓடிற்று. தீர்த்தகிரிக்கும் யாரையும் கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, மருந்தடிக்கிற டேங்க், பழைய டி.வி.எஸ். வண்டி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பது ராஜாமணியின் வேலை. அவள் கைக்குத் தப்பிய சாமான் அந்த வீட்டில் இருந்ததில்லை. ஒரு வருஷம் தூங்கிக்கொண்டிருந்த இவர் நெற்றியிலும் சந்தனத்தை அப்பி, "இதுவும் வேல செய்யற சாமான்தான்" என்று சிரித்தாள்.

இந்த முறை அவரே சந்தனக்கட்டையை எடுத்து இழைத்தார். எல்லாவற்றுக்கும் வைத்து முடித்த பிறகு பேனல்களைப் பார்த்தார். இந்தக் கொல்லையில் இப்போது உழைப்பது அவைதான். அவற்றை விட்டுவிட்டால் ராஜாமணி சும்மா இருப்பாளா? ஒவ்வொரு பேனலின் நடுவிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை வழித்து அப்பி, மேலே குங்குமம் வைத்து, மூலைக்கு மூலை சாமந்திச் சரமும் போட்டார். பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் தொட்டியில் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி விழுந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. என்னவென்று புரியாமல் அவர் நின்றுகொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது.

பிரபாகர்! வேலை நாளில், அவனாகக் கூப்பிடுகிறான்! கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"அப்பா, என்னாச்சு அங்க?"

"ஒன்னும் ஆவலையேப்பா. நல்லாத்தான் இருக்கறேன்."

"இல்லப்பா, கரண்ட் ஜெனரேஷன் பாதிக்குமேல கொறஞ்சு காட்டுது. வானம் மூடியிருக்குதா?"

"இல்லியே, சுள்ளுனு காயுது."

மோட்டார் சத்தம் எப்படி இருக்கிறது, சுவிட்சுப் பெட்டியில் என்ன விளக்கு எரிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவர் பெட்டிக்கும் பேனலுக்கும் நடந்து நடந்து பதில் சொன்னார். நடுவில், "மூச்சு வாங்குதே, மெதுவா நடங்கப்பா. சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்டான். ராஜாமணியின் கருமாதிக்குப் பிறகு அவர்கள் இவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மகன் சொல்லி அனுப்பிய சர்வீஸ் ஆள் அடுத்த நாளே வந்தான். நவநீதன் என்று பெயர். அரூர்ப் பக்கத்துக்காரன், முப்பது வயசு இருக்கும். பேனல் வரிசையைப் பார்த்ததும் வண்டியில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டான்.

"என்னங்கய்யா, இதுக்குக் கல்யாணமா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஆயுத பூஜைங்க தம்பி. பொட்டு வெக்கலாம்னு..."

"தாராளமா வெங்க. கீழ கால்ல வெங்க, சட்டத்துல வெங்க. கண்ணாடில மட்டும் வேணாம்." ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தான். காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை. துடைக்கத் துடைக்கத் தொட்டியில் தண்ணீர் தடித்து விழுந்ததை தீர்த்தகிரி வாய் பிளந்து பார்த்தார்.

"அத்தினி பெரிய கண்ணாடிக்கு இத்தினியூண்டு பொட்டு ஒரு பாரமா தம்பி?"

நவநீதன் தன் தொப்பியைக் கழற்றி ஒரு பேனலின் ஒரு மூலைச் சதுரத்தில் கவிழ்த்தான். தண்ணீர் இளைத்தது. எடுத்தான், பழையபடி விழுந்தது. "இந்தச் சதுரமெல்லாம் ஒன்னோட ஒன்னு கை கோத்துட்டு நிக்குதுங்க. ஒன்னு நிழல்ல நின்னுட்டா, அது எவ்வளவு உடுதோ அவ்வளவுதான் மத்ததும் உட முடியும். வரப்பு மேல ஒருத்தன் நின்னுட்டா பின்னால வர்ற எல்லாரும் நிக்கறதில்லீங்களா? அப்பிடி. ரொம்ப மோசமானா அந்தப் பகுதிய ஒதுக்கிட்டுப் போவறதுக்கு ஒரு குறுக்கு வழி வெச்சிருக்காங்க. அப்பவும் நஷ்டந்தான்."

தீர்த்தகிரி டீ போட்டு எடுத்து வந்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். வந்த ஆளைச் சீக்கிரம் விடக்கூடாது என்கிற ஆசையில், ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டார். "உள்ளார என்னதாங்க நடக்குது? வெயிலு சூட்டுல ஏதாச்சும் கொதிக்குதா?"

"எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கறாங்க. நம்ம வெயிலுன்னு ஒத்த வார்த்தையில சொல்லிடறோம். அதுல ரெண்டு இருக்குது பாருங்க. சூடு ஒன்னு, வெளிச்சம் ஒன்னு. இதுக்கு வேண்டியது வெளிச்சந்தான். சூடு ஏறுனா கரண்ட் கொறையத்தான் செய்யும். சித்திரையில மண்டையப் பொளக்கறப்ப வர்றத விட, மழ உட்டு, காத்து சில்லுனு அடிச்சு, வானம் தொடச்சு வெச்ச மாதிரி இருக்குது பாருங்க, அன்னிக்குத்தான் அள்ளித் தள்ளும்."

"அப்ப வெளிச்சம் வந்து என்ன பண்ணுது?"

"இந்தச் சதுரமெல்லாம் சிலிக்கான்னு ஒரு சாமான். மணல்லருந்து எடுக்கறது. அதுக்குள்ள எலக்ட்ரான்னு பொடிப்பொடியா கணக்கே இல்லாம இருக்குது. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொன்னும் அதது எடத்துல உக்காந்திருக்கும். வெளிச்சம் வந்து பட்டுச்சுன்னா, உக்காந்திருக்கறது எழுந்திரிச்சுக் கெளம்பிடும். அது இருந்த எடம் காலியா கெடக்கும்."

தீர்த்தகிரி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "கெளம்பி எங்க போவுது?"

"அங்கதாங்க சூட்சுமம். உள்ள ரெண்டு அடுக்கு. ரெண்டுத்துக்கும் நடுவுல ஒருவழிக் கதவு மாதிரி ஒன்னு. கெளம்புனத அது ஒரு பக்கமாத் தள்ளி உட்டுடும். மறுபடி அந்த வழியா திரும்ப உடாது. தீர்த்தமலைல கூட்ட நாள்ல போயிருப்பீங்களே, கும்புட்டதும் வந்த வழியா திரும்ப உடறாங்களா?"

"எங்க உடறான்? சுத்திதான் வரணும்."

"இதுவும் சுத்திதான் வரணும். ஒயருல எறங்கி, மோட்டாருக்குள்ள போயி அத ஓட்டி உட்டுட்டு, இன்னொரு ஒயர் வழியா பின்பக்கமா வந்து காலியா கெடக்கற எடத்துல உக்காரும். மறுபடி வெளிச்சம் படும், மறுபடி கெளம்பும். இந்த நடைதாங்க கரண்டு. உள்ள எதுவும் எரியறதில்ல, எதுவும் தீந்து போவறதுமில்ல."

"போனது திரும்பி வந்துருதுங்கறீங்க."

"வந்துதாங்க ஆவணும்."

"ஒயரு அறுந்துட்டா?"

"அப்ப வெளிச்சம் அடிச்சும் பிரயோசனமில்லீங்க. எழுந்திரிச்சது போக வழியில்லாம அங்கயே முட்டி மோதி, வெறும் சூடா வீணாப் போயிடும்."

நவநீதன் கிளம்பிப் போனான். வண்டிச் சத்தம் ரோட்டில் ஏறித் தேயும்வரை தீர்த்தகிரி நின்று கேட்டார். அன்று சாயங்காலம் பிரபாகர் ஒரு நிமிஷம் கூப்பிட்டு, "கோடு ஏறிருச்சுப்பா, சூப்பர்" என்றான். அதற்கப்புறம் ஐப்பசி முழுக்க போன் வாயைத் திறக்கவில்லை. பேனல் சுத்தமாக இருந்தது. கோடு ஒழுங்காக ஏறி இறங்கிற்று. கோட்டில் கோளாறு இல்லாதபோது அப்பாவுக்கு மட்டும் என்ன கோளாறு இருக்கப்போகிறது?

ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும். ஒரு நாள் காலையில் அவர் சாமி படத்துக்குச் சந்தனம் இழைத்தார். படத்துக்கு வைத்தது போக மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தோடு பேனல் பக்கம் போனார். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். அந்த மேட்டில் பார்க்க யார் இருக்கிறார்கள்? அந்த நினைப்பே போதுமானதாக இருந்தது. ஒரு சதுரத்தில் சந்தனத்தை அப்பிவிட்டு வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். ஊரான் தோட்டத்தில் மாங்காய் பறித்தவனைப் போல வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் போன் வந்தது.

"அப்பா, லேசா கொறையுது. தூசியா இருக்கும். கொஞ்சம் தொடச்சு உடறீங்களா?"

"தொடைக்கறம்ப்பா. பாப்பா எப்பிடி இருக்குது? பள்ளிக்கோடம் போச்சா?"

"போச்சுப்பா. டான்ஸ் கிளாஸ் போவுது இப்ப. தொடைக்கறீங்களா? நான் லைன்லயே இருக்கேன்."

லைன்லயே இருக்கேன்! அவர் எவ்வளவு மெதுவாகத் துடைக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகத் துடைத்தார். பேத்திக்குப் பல் விழுந்தது, மருமகளுக்கு இடம் மாற்றல் வரப்போவது, அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதது எல்லாம் அந்த ஒரு பொட்டைத் துடைப்பதற்குள் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவரும் அளந்துதான் போட்டார். ரொம்ப அப்பினால் சர்வீஸ் ஆளை அனுப்பிவிடுவான், கொஞ்சமாக வைத்தால் கண்டுகொள்ளமாட்டான். எவ்வளவு வைத்தால் மகன் மட்டும் கூப்பிடுவான் என்பது நாலைந்து தடவையில் கைக்குப் பழகிவிட்டது. ஆனால் ஆசைக்கு அளவு ஏது? முதலில் வாரத்துக்கு ஒரு பொட்டு, பிறகு மூன்று நாளுக்கு ஒன்று என்று ஆனது. பிரபாகரின் குரலில் சலிப்புத் தட்டியது. "மறுபடியுமாப்பா?" என்றான் ஒரு நாள். மறுபடி நவநீதனை அனுப்பினான்.

நவநீதன் பேனலின் முன் குனிந்து நின்றான். சந்தனத்தில் மூன்று விரல் இழுத்த தடம் அப்படியே இருந்தது. தீர்த்தகிரி பக்கத்திலேயே நின்றார். காது மடல் வரைக்கும் சூடேறிப்போய், மாங்கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நவநீதன் ஈரத்துணியை எடுத்தான். துடைத்து முடித்துவிட்டுப் பிரபாகருக்குப் போன் போட்டான். "குருவி எச்சந்தாங்க சார். வேற ஒன்னுமில்ல. கிளீன் பண்ணியாச்சு."

வண்டியை எடுக்கும்போதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஐயா, பையன்கிட்டப் பேசணும்னா நீங்களே கூப்புடலாமே."

"கூப்புட்டு? என்னான்னு சொல்றது?"

"சும்மாதான் கூப்புட்டேன்னு சொல்லுங்க."

தனக்காக ஒரு பிள்ளை பொய் சொல்ல வேண்டி வந்ததே என்று தீர்த்தகிரி கூசிப்போனார். சந்தனக்கட்டையைக் கழுவித் துடைத்து சாமி அலமாரியின் அடியில் தள்ளிவிட்டார். இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"என்னப்பா? மோட்டார் நல்லாத்தானே ஓடுது? இப்பதான் பாத்தேன்."

"ஓடுதுப்பா. சும்மாதான்..."

"சரிப்பா, கொஞ்சம் வேலையா இருக்கேன். அப்புறம் கூப்புடறேன்."

சும்மா என்ற சொல்லுக்கு எதிரே இருப்பவனும் சும்மா இருந்தால்தான் மதிப்பு. அந்த அப்புறத்துக்காக அவர் அன்று பொழுது சாயும்வரை போனை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

கார்த்திகைக் கடைசியில் மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்தது. மழை விட்ட மறுநாள் தீர்த்தகிரிக்குக் காய்ச்சல் கண்டது. கை கால் மூட்டெல்லாம் வீங்கி, எழுந்து நின்றால் கண்ணைக் கட்டியது. கட்டிலில் சுருண்டு படுத்தார். வெளியே வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. காற்று சில்லென்று வீசியது. நவநீதன் சொன்னானே, அந்த நாள். தூசு மாசு எல்லாம் மழையில் கழுவப்பட்ட பேனல்கள் வெளிச்சத்தை அள்ளிக் குடித்தன. மோட்டார் ஒரே சீராகப் பாடிக்கொண்டிருந்தது.

தக்காளிப் பாத்தியில் மடை திறந்து கிடப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. போய் மடை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியில் மோட்டாரை நிறுத்த வேண்டும். ஏற்கெனவே ஊறிக் கிடக்கிற செடி. எழுந்து வாசல்வரை போனவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்துவிட்டார். சொன்னால் பிரபாகர் அங்கிருந்தே செல்போனில் மோட்டாரை நிறுத்திவிடுவான். போனை எடுத்துக் கூப்பிட்டார். இரண்டு தரம் அடித்தது, துண்டிக்கப்பட்டது. "மீட்டிங். அப்புறம் கூப்பிடறேன்" என்று எழுத்து வந்தது.

தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். பகல் முழுக்க அது ஓடிற்று. ஒரு வாய் சுடுதண்ணி வைத்துத் தர ஆள் இல்லை. "என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று எட்டிப் பார்க்க ஆள் இல்லை. செத்தால்கூட மோட்டார் நாளைக்குக் காலையில் சரியான நேரத்துக்கு ஓடும் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்கும் தெரியாது என்பதால் அடக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் ஒரு தரம் மினுக்கியது. பிரபாகர்தான். பேசவில்லை, எழுதியிருந்தான். "அப்பா இன்னிக்கு செம ஜெனரேஷன். இந்த வருஷத்துலயே டாப்!" பக்கத்தில் கட்டைவிரல் உயர்த்திய ஒரு மஞ்சள் கை.

மறுநாள் காலையில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, களைக்கொத்தின் பிடியை ஊன்றி ஊன்றிக் கொல்லைக்குப் போனார். தக்காளிச் செடிகள் கணுக்கால் தண்ணீரில் தலை தொங்கி நின்றன. காய் பிடித்த செடிகள். இனி பிழைக்காது. மோட்டார் அன்றைக்கும் ஓட ஆரம்பித்திருந்தது. தொட்டியில் தண்ணீர் தடதடவென்று கொட்டியது.

பெட்டியில் நிறுத்திவிடலாம் என்று பேனல்களுக்கு முன்னால் வந்தவருக்கு மறுபடி தலை சுற்றியது. பேனலின் கீழ்ச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலைச் சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தண்ணீர் விழும் சத்தம் சட்டென்று இளைத்தது.

அவர் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். பிறகு பேனலைப் பார்த்தார். கம்பளியும் தலையுமாக அவருடைய நிழல் கண்ணாடியில் நீளமாகச் சாய்ந்து கிடந்தது. ஓரடி தள்ளி நின்றார். தண்ணீர் தடித்தது. மறுபடி பழைய இடத்துக்கு வந்தார். தண்ணீர் இளைத்தது. சந்தனம் இல்லை, பூச்சரம் இல்லை, வெறும் அவர்தான். பெங்களூரில் எங்கோ ஒரு கோட்டில் இப்போது ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளம் அவருடைய பருமனுக்கு இருக்கும். பெட்டியை நிறுத்துவது மறந்து அப்படியே நின்றார்.

போன் அடிக்க வெகுநேரம் ஆகவில்லை.

"அப்பா, எங்க இருக்கீங்க? கோடு எறங்குது, ஏறுது, மறுபடி எறங்குது. ஏதாச்சும் நிழல் விழுதா பாருங்க."

"விழுதுடா."

"என்ன நிழல்? புளியமரமா?"

"நான்தாண்டா."

"நீங்களா? அங்க என்னப்பா பண்றீங்க?"

"சும்மா நிக்கறேன்."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்குது? சரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. நிழல் பட்டா மொத்தமும் கொறஞ்சுடும்."

அது அவருக்குத் தெரியும். எந்தச் சதுரம், எவ்வளவு நிழல், எவ்வளவு குறையும் என்பதெல்லாம் தெரியும். தக்காளிப் பாத்தியைப் பார்த்தார். தொட்டியில் நூலாக விழுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"தள்ளி நின்னா நீ போன வெச்சுருவியேடா," என்றார்.

பிரபாகருக்குப் பின்னால் யாரோ இங்கிலீஷில் பேசுவதும், நாற்காலி நகரும் சத்தமும், பிறகு ஒரு கதவு சாத்தப்படுவதும் கேட்டன. அதற்கப்புறம் அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. தீர்த்தகிரி நகரவில்லை. போனும் வைக்கப்படவில்லை.